மூன்று வரிசை, ஆறு புள்ளி

ஜபல்பூரில் நான் பணியேற்ற ஆறாம் ஆண்டு அது. அக்டோபர் மாதத்து மாலையொன்றில், பள்ளி விட்ட பின்னர், ஆசிரியர் அறைக்கு ஒரு தந்தையும் மகளும் வந்தனர். தந்தை படைக்கலத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் இயக்குபவர். முசிறிப் பக்கத்தவர், வேலையின் பொருட்டு இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தாள். எட்டாம் வகுப்புவரை என்னிடம் தமிழை விருப்பப் பாடமாகப் படித்தவள். பள்ளி முழுவதும் என்னை 'மேடம்' என்று அழைக்க, தமிழ் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் 'அம்மா' என்பார்கள். அவள் வகுப்பை விட்டுச் சென்ற பிறகும் அப்படியே அழைத்துவந்தாள்.

தந்தையின் கையில் பெரியதொரு துணிப்பை இருந்தது. அதை என் மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் சான்றிதழ்கள். ஓவியப் போட்டி, கட்டுரைப் போட்டி, யோகாசனப் பயிற்சி, சாலைப் பாதுகாப்பு வார உறுதிமொழி, கணித ஒலிம்பியாடில் பங்கேற்றமைக்கான பாராட்டு என்று 43 தாள்கள். சில மெருகுத்தாளால் மூடப்பட்டிருந்தன.

"இவை அனைத்தையும் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும், அம்மா. தமிழில் இருப்பவற்றை மட்டும் நீங்கள் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தர வேண்டும்" என்றார்.

மகள் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாணவர்களே, நீங்கள் அறிந்திருக்கும் கல்லூரி நுழைவு முறை வேறு. ஐ.ஐ.டி.க்கோ மருத்துவக் கல்லூரிக்கோ செல்ல விரும்புவோர் நம் நாட்டில் ஒரு தேர்வு எழுதுகின்றனர். அதில் பெற்ற தரவரிசை எண்ணே அவர்களுக்காகப் பேசுகிறது. அம்மாணவர் மாலை வேளையில் என்ன செய்கிறார், எதில் மனம் வைக்கிறார் என்று எவரும் கேட்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பல அவற்றையும் கேட்கின்றன. 1975ஆம் ஆண்டில் சில கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய பொது விண்ணப்ப முறையில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைந்துள்ளன. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரையிலான மதிப்பெண் விவரம், பள்ளியின் அறிக்கை, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், 650 சொற்களுக்கு மிகாத ஒரு கட்டுரை ஆகியன அதில் இடம்பெறும். மாணவர் ஈடுபட்ட செயல்களுள் பத்தை மட்டும் குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் விளக்க 150 எழுத்துகளுக்கே இடம் உண்டு. இடைவெளியும் அக்கணக்கில் சேரும்.

இவற்றிற்கு அப்பால், மாணவர் விரும்பினால் இணைக்கக்கூடிய பகுதி ஒன்று சில இடங்களில் உண்டு. அதுதான் கூடுதல் படைப்பு. இசைப் பதிவு, ஓவியத் தொகுப்பு, தானே நடத்திய ஆய்வு, தன் கையால் செய்த கருவி என்று அது எதுவாகவும் இருக்கலாம். மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இத்தகைய தொகுப்புகளைத் தனி இணையவழியில் பெற்றுக்கொள்கிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகமோ பரிந்துரைக் கடிதத்தைக்கூடப் பொதுவாகக் கேட்பதில்லை. ஆகவே ஒவ்வோர் இடத்திற்கும் உரிய விதிகளைத் தனித்தனியே படித்தாக வேண்டும். போட்டி மிகுந்த இடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐவருக்குக் குறைவானவர்களே சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். அங்கே 43 சான்றிதழ்களை எவரும் புரட்டப்போவதில்லை.

இவற்றையெல்லாம் அன்று நான் அறிந்தவளல்லள். அடுத்த பத்து நாள்களில் இரவு விழித்துப் படித்து அறிந்துகொண்டேன். எங்கள் பள்ளியிலிருந்து அதற்கு முன் எவரும் அவ்வாறு விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்திற்கே 75 டாலர் என்று கண்டதும் தந்தையின் முகம் மாறியது. கட்டண விலக்குக் கோரவும் வழியிருந்தது. முதல்வர் அதற்கான கடிதத்தில் கையொப்பமிட்டார். படிப்புச் செலவு முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்றால் ஒழிய அவளால் செல்லவே இயலாது என்பதை மூவரும் அறிந்திருந்தோம்.

இதற்கிடையே தந்தை நகரிலுள்ள ஆலோசனை நிலையம் ஒன்றில் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார். அவர்கள் கூறிய யோசனைகளை ஒரு நாள் என்னிடம் ஒப்பித்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு உதவும் அறக்கட்டளை ஒன்றை மகள் பெயரில் தொடங்க வேண்டுமாம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் சென்று புகைப்படம் எடுத்துக்கொண்டால் போதுமாம். பணம் கொடுத்தால் ஆய்வுக் கட்டுரை வெளியிடும் இதழ் ஒன்றும் அவர்களுக்குத் தெரியுமாம். கட்டுரையையும் அவர்களே எழுதித் தருவார்களாம்.

"அப்பா, அந்தப் பிள்ளைகள் மூன்றாம் ஞாயிறும் காத்துக்கொண்டிருப்பார்கள்" என்றாள் மகள். அன்று அவள் பேசியது அவ்வளவே.

நான் அவளைத் தனியே அழைத்து, "நீ யார் கேட்காமலும் செய்வது எது?" என்று வினவினேன். நெடுநேரம் தயங்கியபின் பையிலிருந்து ஒரு கோடிட்ட நோட்டுப்புத்தகத்தை எடுத்தாள். அட்டை கிழிந்து, தையல் நூல் வெளியே தெரிந்தது. உள்ளே பக்கம் பக்கமாகக் கோலங்கள். அவள் அப்பாயி முசிறியிலிருந்து கொண்டுவந்த நோட்டு. மருமகளாகி வந்த நாள் முதல் எழுதிச் சேர்த்தது.

அவை சிக்குக் கோலங்கள். சில ஊர்களில் நெளிக்கோலம் என்றும் கம்பிக்கோலம் என்றும் சொல்வர். புள்ளிகளை இணைக்காமல், அவற்றைச் சுற்றிச் சுற்றி வளைந்து செல்லும் கோடுகளால் ஆனவை. சில கோலங்களின் ஓரத்தில் அப்பாயி 'ஒரு இழை' என்றும், வேறு சிலவற்றில் 'ரெண்டு இழை' என்றும் குறித்திருந்தார். கையை எடுக்காமல் ஒரே கோட்டில் போட்டு முடிப்பது ஒரு இழை. ஒரு சுற்று முடிந்து, புதிதாக இன்னொரு கோட்டைத் தொடங்க நேர்ந்தால் அது இரண்டு இழை.

எத்தனை இழை வரும் என்பதைப் போடுமுன்பே சொல்ல முடியுமா? இதுதான் ஒன்பதாம் வகுப்புக் கோடை விடுமுறையில் அவளுக்குத் தோன்றிய கேள்வி. எல்லாக் கோலங்களையும் எடுத்துக்கொள்ளாமல் மிக எளிய வகையொன்றைத் தேர்ந்தாள். புள்ளிகள் நேர்வரிசையில் இருக்க வேண்டும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்ல வேண்டும். முடித்தபின் பாய் முடைந்தது போன்று தோன்றும். அப்பாயி அதைப் 'பாய்' என்றே சொல்வார். நீங்களும் ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். 3 வரிசை, வரிசைக்கு 4 புள்ளி வைத்துத் தொடங்கினால் ஒரே இழையில் முடியும். 2 வரிசை, 2 புள்ளி வைத்தால் இரண்டு இழை வரும்.

அவள் பதினான்கு வகைகளைப் போட்டுப் பார்த்து ஒரு விதி வகுத்திருந்தாள். வரிசை ஒற்றைப்படையாகவும் புள்ளி இரட்டைப்படையாகவும், அல்லது அதற்கு மாறாகவும் இருந்தால் ஒரே இழை வரும் என்பது அவ்விதி.

அடுத்த ஞாயிறன்று அவர்களுடைய குடியிருப்புக்குச் சென்றேன். முற்றம் என்று சொல்லத்தக்க இடமில்லை. வாசற்படிக்கு முன் சிமெண்டுத் தரை ஐந்தடி அகலத்தில் இருந்தது. நருமதைக் கரையில் பேடாகாட் என்னும் இடத்தில் மாக்கல்லிலும் பளிங்கிலும் சிலை செதுக்கும் கடைகள் உண்டு. அங்கு உதிரும் வெண்தூளைத்தான் அப்பாயி கோலமாவாகப் பயன்படுத்தினார். ஊரிலிருந்து கொண்டுவந்த மாவு தீர்ந்ததும் தாமே கண்டுபிடித்த வழியாம். கைக்கு இது இன்னும் மழமழப்பாக இருப்பதாகச் சொன்னார்.

"எந்த எண் வேண்டுமானாலும் சொல்லுங்கள், அம்மா" என்றாள் அவள். நான் ஏதும் எண்ணாமல், "3 வரிசை, 6 புள்ளி" என்றேன்.

ஒற்றைப்படை, இரட்டைப்படை. அவள் விதிப்படி ஒரே இழையில் முடிய வேண்டும். அவள் குனிந்து போட்டுக்கொண்டே சென்றாள். கோடு புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்ட தரை நிரம்பாமல் கிடந்தது. இரண்டாம் கோட்டைத் தொடங்கினாள். அதுவும் அவ்வாறே முடிந்தது. மூன்றாவதில்தான் கோலம் நிறைவுற்றது. மாவு படிந்த விரல்களுடன் அவள் எழுந்து நின்றபோது முகம் வெளிறியிருந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. கடைசி நாளுக்கு இரண்டே மாதம். தந்தை கதவருகே நின்றிருந்தார். "இதற்குத்தானா நோட்டு நோட்டாக எழுதினாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எண்ணைச் சொன்னவள் நான். வேறு எண்ணைச் சொல்லியிருக்கலாகாதா என்றுதான் அந்த நொடியில் எனக்குத் தோன்றியது.

அப்பாயி படியில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை உயர்த்தாமலே சொன்னார்: "மூணு ஆறுக்குள்ள அடங்கிப்போயிரும்டி. அடங்குனா இழை சீக்கிரமே திரும்பி வந்துரும். மூணுக்கு ஏழு போட்டுப் பாரு, ஓடும்."

அவள் போட்டாள். ஒரே இழையில் ஓடி முடிந்தது.

"இது உங்களுக்கு முன்பே தெரியுமா? ஏன் சொல்லவில்லை, அப்பாயி?"

"நீ எங்க கேட்ட? நோட்டத்தான கேட்ட."

அன்று மாலைக்குள் 4 வரிசை 6 புள்ளியில் இரண்டு இழையும், 6 வரிசை 9 புள்ளியில் மூன்று இழையும் வரும் என்பதைக் கண்டுகொண்டாள். நீங்கள் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் படிக்கும் மீப்பெரு பொதுக் காரணிதான் அது. உங்கள் கணக்குப் புத்தகத்தில் எச்.சி.எஃப். என்றிருக்கும். வரிசை எண்ணையும் புள்ளி எண்ணையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை இழை. 3க்கும் 6க்கும் அது 3. 3க்கும் 7க்கும் 1. பள்ளியில் கற்ற பைத்தான் மொழியில் சிறு நிரல் எழுதி, 50 வரிசை 50 புள்ளிவரை சோதித்தாள், எங்கும் பிழைக்கவில்லை. அடுத்து, நான்கு புறமும் கண்ணாடிச் சுவர்கள் அமைந்த பெட்டிக்குள் சாய்வாகப் பாயும் ஒளிக்கதிரைப் போலக் கோட்டைக் கருதி, ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டினாள். அப்பக்கம் எனக்கு முழுதும் விளங்கவில்லை. கணித ஆசிரியருக்கு விளங்கிற்று.

இவ்விடத்தில் என் பிழையைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்கள் கேட்கும் ஆசிரியர் கடிதங்களோடு, கூடுதல் கடிதம் ஒன்றை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இத்தகைய கடிதங்களைப் படித்துப் பார்க்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுப்பதே வழக்கம். ஆகவே அவள் அதைப் பார்க்கப்போவதில்லை. அந்தத் துணிவில் நான் எழுதித் தள்ளினேன். அறிவுக்கடல் என்றேன், ஓயாத உழைப்பாளி என்றேன், தமிழர் கோலத்திற்குள் மறைந்திருந்த கணிதத்தை உலகிலேயே முதன்முதலாகக் கண்டவள் என்று முடித்தேன். எங்கள் கணித ஆசிரியர் வங்காளத்தவர். ஆங்கிலத்தைச் சரிபார்க்க அவரிடம் கொடுத்தேன். அவர் இருமுறை படித்துவிட்டு, "கடைசி வரியைத் தவிர மற்றவை எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும். கடைசி வரி உண்மைதானா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

பார்த்தேன். உண்மையன்று.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் கோலங்களைக் கணினி மொழிக்குரிய இலக்கணமாக ஆராய்ந்து 1974ஆம் ஆண்டிலேயே கட்டுரை வெளியிட்டிருந்தனர். அதன்பின் வேறு பலரும் அத்துறையில் உழைத்திருந்தனர். ஆப்பிரிக்காவில் அங்கோலா நாட்டுச் சோக்குவே மக்கள் மணலில் விரலால் புள்ளியிட்டு, அவற்றைச் சுற்றிக் கோடிழுத்துக் கதை சொல்வார்கள். அவ்வோவியங்களுக்குச் சோனா என்று பெயர். மொசாம்பிக் நாட்டில் கணிதப் பேராசிரியராக இருந்த பவுலுஸ் கெர்டஸ் சோனாவையும் நம் கோலங்களையும் ஆராய்ந்தவர். அவள் கண்ட அதே பொதுக் காரணி விதி சோனா குறித்த ஆய்வுகளிலும் இருந்தது.

இதனை அறிந்த நான் மூன்று நாள் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்கு மனம் ஒடிந்துவிடுமே என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் அந்தக் கடைசி வரியை அடிக்க எனக்கு மனமில்லை. பல்கலைக்கழகத்தில் எவரும் தேடிப் பார்க்கமாட்டார்கள் என்றுகூட ஓர் இரவு நினைத்தேன். அறக்கட்டளைப் புகைப்பட யோசனையைக் கேட்டுச் சினந்தவளும் நான்தான்.

நான்காம் நாள் தாள்களை அவளிடம் கொடுத்தேன். அவள் நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து படித்தாள். மணி அடித்தும் எழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்து நான் அருகே சென்றேன்.

"இவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து கோலம் கேட்டிருப்பார்களா, அம்மா?" என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து, "மணலில் போடுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான் வந்திருக்கிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. அன்று மதிய உணவை அவள் தொடவில்லை. மறுநாள் வந்தபோது தொகுப்பின் வரைவை முற்றிலும் மாற்றி எழுதியிருந்தாள்.

புதிய வரைவு பழையதைவிடக் குறுகியது. முதலில் அப்பாயியின் நோட்டிலிருந்து இரு பக்கங்கள். அடுத்து அவளுடைய பழைய விதி. அதனை அடுத்து 3 வரிசை 6 புள்ளியில் அவ்விதி உடைந்த கோலத்தின் படம். அதன் கீழே, திருத்தத்தைச் சொன்னவர் தன் பாட்டி என்ற குறிப்பு. பின்னர் சரியான விதி, நிரல், விளக்கப் பக்கம். கடைசியில், இவ்விதி முன்பே அறியப்பட்டதென்றும், அதனைத் தான் பிற்பாடே அறிந்ததாகவும் எழுதி, அறிஞர்களின் பெயர்களைக் குறிப்பிட்டிருந்தாள். ஆலோசனை நிலையத்தார் அதைக் கண்டு, உடைந்த கோலத்தையும் கடைசிக் குறிப்பையும் நீக்கினால்தான் மேற்கொண்டு உதவுவோம் என்றனராம். தந்தை அவர்கள் பக்கமே பேசினார். நாற்பதாயிரம் அவருக்குச் சிறு தொகையன்று. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை என்று அறிந்தேன். மூன்றாம் நாள், "உன் விருப்பம்" என்று மட்டும் சொன்னாராம்.

நோட்டுப் பக்கங்களுக்கு ஆங்கில விளக்கம் எழுதும்போது எங்களுக்குள்ளும் ஒரு பூசல் எழுந்தது. அப்பாயி 'ஏழு வருசை நேர்புள்ளி' என்று எழுதியிருந்தார். அதைப் படியெடுக்கையில் நான் 'வரிசை' என்றும், ஒற்று இட்டு 'நேர்ப்புள்ளி' என்றும் திருத்திக் கொடுத்தேன். தமிழாசிரியையின் கை அப்படித்தான் போகும். அவள் என் திருத்தத்தைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "அம்மா, இது அப்பாயி எழுதியது. தேர்வில் நான் எழுதினால் வரிசை என்றே எழுதுவேன்." அடித்ததை நானே மீண்டும் அடித்தேன். 'இழை' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டோம். கோடு என்றால் நீளம் மட்டும் தெரிகிறது. நூல் என்றால் கை தெரிவதில்லை. முடிவில் 'இழை' என்பதை ஒலிபெயர்த்து அப்படியே வைத்து, பொருளை ஒரு வரியில் விளக்கினாள்.

அவள் விண்ணப்பித்த ஓரிடத்தில் இரண்டு நிமிடத்திற்கு மிகாத காணொளியும் இணைக்கலாம் என்றிருந்தது. டிசம்பர் மாதத்து ஜபல்பூர்க் குளிரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதைப் பதிவு செய்தார்கள். பனியில் தரை ஈரமாகி மாவு ஒட்டிக்கொண்டதால் முதல் இரு நாள் பதிவு வீணாயிற்று. மூன்றாம் நாள் தந்தை முந்தின இரவே தரையைத் தார்ப்பாயால் மூடிவைத்திருந்தார். கைப்பேசியைப் பிடித்ததும் அவரே. காணொளியில் முகங்கள் இல்லை. இரு கைகள் மட்டும். ஒரு கை விரைவாகப் போகும். மற்றொன்று நின்று நின்று போகும். இரண்டாம் நிமிடத்தின் இறுதியில் அப்பாயியின் குரல் கேட்கும்: "போதுமா? பால்காரன் வந்துருவான்." அதை வெட்டிவிடச் சொன்னேன். நேரம் சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

நானும் என் கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அறிவுக்கடல் போயிற்று. அந்த ஞாயிறன்று சிமெண்டுத் தரையில் நடந்ததை நடந்தவாறே எழுதினேன்: நான் எண்ணைச் சொன்னது, விதி உடைந்தது, அவள் நின்ற நிலை, அப்பாயி சொன்னது, உடனே அவள் மீண்டும் குனிந்து 3 வரிசை 7 புள்ளி வைத்தது. முன்னவர்களின் ஆய்வைக் காட்டியபோது அவள் கேட்ட கேள்வியையும் சேர்த்தேன். ஒரு பக்கத்திற்குள் முடிந்தது. கணித ஆசிரியர் இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

டிசம்பர் 30ஆம் நாள் இரவு எல்லாவற்றையும் அனுப்பினாள். மின்சாரம் இருமுறை தடைப்பட்டது என்பதைத் தவிர அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சான்றிதழ்ப் பை என் அலமாரியின் அடித்தட்டிலேயே கிடந்தது.

மார்ச் மாத இறுதியில் முடிவுகள் வந்தன. அவள் மிகவும் விரும்பிய இரண்டு இடங்களும் மறுத்துவிட்டன. மூன்றாவதில் காத்திருப்போர் பட்டியலில் வைத்தார்கள். அங்கிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. உடைந்த கோலத்தை நீக்கியிருந்தால் கிடைத்திருக்குமோ என்று தந்தை என்னிடம் ஒருமுறை கேட்டார். தெரியாது என்றேன்; இன்றும் தெரியாது. ஆலோசனை நிலையம் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

ஏப்ரல் முழுவதும் அவள் வேறொரு தேர்வுக்குப் படித்தாள். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம் தனக்கெனத் தனி நுழைவுத் தேர்வு நடத்துகிறது. அங்கே தொகுப்போ காணொளியோ எவரும் கேட்பதில்லை. கணக்கைப் போட வேண்டும், அவ்வளவே. அவள் போட்டாள், இடமும் கிடைத்தது. பிறந்தது முதல் மத்தியப் பிரதேசத்திலேயே வளர்ந்தவள், கோடை விடுமுறைக்கு மட்டும் முசிறிக்குச் சென்று வந்தவள், அவ்வாண்டு தமிழ்நாட்டுக்குக் குடிபோனாள். விடுதியிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில், இங்கே கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு எந்த ஊர் என்று கேட்கிறார், என்ன சொல்வது என்று தெரியவில்லை, அம்மா என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை இரண்டு இருந்தன. நான் அவற்றைத் திருத்தி அனுப்பவில்லை.

அவளை ரயிலேற்றிவிட்ட மறுவாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் 5 வரிசை 8 புள்ளி, ஒரே இழை. அப்பாயி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"அந்த அமெரிக்காக்காரங்க நோட்டத் திருப்பி அனுப்புனாங்களாம்மா? எடந்தான் குடுக்கல. நோட்டையாவது குடுக்கலாமுல்ல?"

நோட்டு எங்கும் போகவில்லை. படியெடுப்பதற்காக நவம்பரில் வாங்கியது, ஏழெட்டு மாதமாக என் அலமாரியில்தான் இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணிப் பார்த்தார்.